இரவு செய்யும் வேலை: சித்தூர், திருப்பதிப் பகுதியின் பழையதும் வேர்க்கடலையும்

ஓட்ஸைப் பாலிலோ தயிரிலோ இரவு ஊறவைத்து, காலையில் வேர்க்கடலை வெண்ணெய் ஒரு கரண்டி கலந்து உண்ணும் வழக்கம் இன்று நகர்ப்புற விடுதிகளிலும் குடியிருப்புகளிலும் பரவியுள்ளது. அடுப்பு வேண்டாம், நேரம் மிச்சம், வயிறு நிறையும் என்பன இதற்குச் சொல்லப்படும் காரணங்கள். இதற்கு எதிர்வினையாக எழும் கூற்று ஒன்றும் உண்டு. 'இதில் புதிதென்ன? நம் முன்னோர் பழைய சோற்றையும் கடலைத் துவையலையும் உண்டார்களே, அதுதானே இது' என்பது அக்கூற்று. கேட்க இனிமையான இந்தக் கூற்று பாதிதான் உண்மை. எந்தப் பாதி உண்மை, எந்தப் பாதி பிழை என்பதைச் சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் உணவு வரலாற்றைக் கொண்டு தெளிவாகக் காணலாம்.

இவ்வட்டாரத்தைத் தேர்வதற்குக் காரணம் உண்டு. தமிழ் இலக்கண மரபு தமிழகத்தின் வட எல்லையாகக் கொண்ட வேங்கடம் இங்கேதான் உள்ளது. ஆங்கிலேயர் காலத்தில் இப்பகுதி வட ஆர்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அம்மாவட்டத்தின் தலைநகரே சித்தூர்தான். 1911இல் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 1960இல் எல்லை மாற்றத்தின்போது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமானது. ஆட்சி எல்லைகள் இத்தனை முறை மாறியபோதும், ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் வழங்கும் நிலை மாறவில்லை. ஒரே உணவுக்கு இரு மொழிப் பெயர்கள் அருகருகே கிடைப்பதால், அவ்வுணவு எப்போது, எவ்வழியே வந்தது என்பதைப் பெயர்களே ஓரளவு காட்டிக்கொடுக்கின்றன.

பழையதின் பழமை

முதல் பாதியான இரவில் ஊறிய உணவின் தொன்மையில் ஐயமில்லை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடுவது. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். அதில் உழவர் குடிச் சிறுவர் பழஞ்சோற்றை வெறுத்து அவல் இடித்து உண்ணும் காட்சி வருகிறது. இக்குறிப்பின் சிறப்பு, பழஞ்சோறு அங்கே புகழப்படவில்லை என்பதுதான். அது சிறுவருக்குச் சலித்துப்போகும் அளவுக்கு அன்றாட உணவாக இருந்தது. வேங்கடத்தைத் தன் வட எல்லையாகக் கொண்ட தொண்டை நாட்டின் தலைநகரைப் பாடும் நூலிலேயே இச்சான்று கிடைப்பது இவ்வட்டாரத்துக்கு நேரடிப் பொருத்தமுடையது.

தெலுங்கில் இதற்குச் சத்தி என்று பெயர். தகரம் மெலிந்து ஒலிக்கும். ராயலசீமைப் பேச்சில் முதலெழுத்து சகரமாகவே வரும். எழுத்து வழக்கில் அது வல்லொலியாக நிற்கும். பழைய இலக்கிய வடிவம் சல்தி. குளிர்ச்சியைக் குறிக்கும் சல்ல என்ற சொல்லோடு இது உறவுடையது. தமிழ், உணவின் வயதை நோக்கிப் 'பழையது' என்றது. தெலுங்கு அதன் தண்மையை நோக்கிப் பெயரிட்டது. போத்தனாவின் பாகவதத்தில் கண்ணனும் ஆயர் சிறுவரும் காட்டில் கூடியமர்ந்து உண்பது இந்தச் சல்திதான். பெரியோர் சொல் சத்தி மூட்டை போன்றது என்ற பொருளில் தெலுங்கில் ஒரு பழமொழியும் உண்டு. வழிநடையில் பசிக்கும்போது கட்டுச்சோற்று மூட்டை உதவுவதுபோல், இக்கட்டில் மூத்தோர் அறிவுரை உதவும் என்பது கருத்து.

சோறு என்றதும் நெற்சோறு மட்டுமே நினைவுக்கு வருவது அண்மைக்காலப் பழக்கம். பழைய ஒருங்கிணைந்த சித்தூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதிகளாக இருந்த மதனப்பள்ளி, பீலேர், புங்கனூர் முதலியன மழையை நம்பிய மேட்டு நிலங்கள். அங்கே உழைப்போரின் உணவு கேழ்வரகுதான். அதைக் களியாகக் கிண்டினால் சங்கடி. கூழாகக் காய்ச்சினால் அம்பலி. கேழ்வரகு மாவை நீரில் கரைத்து இரவு முழுதும் புளிக்கவிட்டு, மறுநாள் நொய்யோடு சேர்த்துக் காய்ச்சி, ஆறியபின் மோர் கலந்து, வெங்காயமோ மிளகாயோ கடித்துக்கொண்டு குடிப்பர். மீந்த சங்கடி உருண்டையை நீரில் இட்டுவைத்துக் காலையில் கரைத்துக் குடிப்பதும் உண்டு. ஆக, இரவில் ஊறுதல் என்னும் வினை இங்கே நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் பொதுவானது.

ஊறுதலும் புளித்தலும்

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பழையதும் ஊறவைத்த ஓட்ஸும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும், இரவு அவற்றுள் செய்யும் வேலை வேறு.

கடையில் கிடைக்கும் ஓட்ஸ் பச்சைத் தானியம் அன்று. ஆவியில் வேகவைத்து, உருளைகளுக்கிடையே நசுக்கித் தட்டையாக்கப்பட்டது. எனவே நீரையோ பாலையோ உறிஞ்சினாலே உண்ணத்தக்கதாகிவிடும். அதைக் குளிர்ப்பெட்டியில் வைப்பதால் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். அங்கே நடப்பது ஊறுதல் மட்டுமே. பழையசோறு அறை வெப்பத்தில் மண்சட்டியில் இருப்பது. லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அதில் பெருகி மாவுச்சத்தின் ஒரு பகுதியை அமிலமாக்குகின்றன. அந்தப் புளிப்புத்தான் சோற்றைக் கெடுக்கும் பிற உயிரிகளை ஓரளவு தடுக்கிறது. அங்கே நடப்பது நொதித்தல். ஒன்று குளிரால் காக்கப்படுகிறது. மற்றது புளிப்பால் காக்கப்படுகிறது. குளிர்ப்பெட்டி இல்லாத வெப்ப நாட்டில் உணவைக் காக்க மக்கள் கண்ட வழி இரண்டாவது.

பழையசோற்றில் இரும்புச்சத்து பல மடங்கு பெருகுவதாகச் சமூக ஊடகங்களில் வலம் வரும் செய்தியையும் இந்த இடத்தில் சற்றுத் திருத்திக்கொள்ளலாம். தானியத்தில் இல்லாத தாதுவை நீரும் நுண்ணுயிரும் புதிதாகப் படைக்க இயலாது. தானியத்தில் உள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்பு, துத்தநாகம், கால்சியம் ஆகியவற்றைப் பிணைத்துவைக்கிறது. நொதித்தலில் அப்பிணைப்பு தளர்வதால், இருக்கும் தாதுவில் கூடுதல் பங்கை உடல் ஏற்க முடிகிறது. இது கேழ்வரகுக்கு மிக முக்கியம். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. அரிசியில் உள்ளதைவிட இது பல மடங்கு அதிகம். ஆனால் ஃபைட்டிக் அமிலமும் அதில் உண்டு. அம்பலிக்காக மாவை முதல் நாளே கரைத்துவைக்கும் பழக்கம் சுவைக்காக மட்டும் நிலைத்திருக்கவில்லை.

கல்வெட்டில் இல்லாத கடலை

இனி இரண்டாம் பாதி, வேர்க்கடலை. இங்கேதான் 'நம் முன்னோர் உண்டது' என்ற கூற்று இடறுகிறது.

திருமலை, திருப்பதிக் கோயில் கல்வெட்டுகளைத் தேவஸ்தானம் 1930களில் தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. கொடையாளர் அளித்த பொருளிலிருந்து நாள்தோறும் எவ்வளவு அமுது படைக்க வேண்டும் என்பதை அவை அளவோடு குறிக்கின்றன. நெய்யமுது, பயற்றமுது, தயிரமுது, மிளகமுது, உப்பமுது, சர்க்கரையமுது, அடைக்காயமுது எனப் பட்டியல் நீள்கிறது. அப்பமும் அதிரசமும் வடையும் தோசையும்கூட இடம்பெறுகின்றன. 16ஆம் நூற்றாண்டில் அச்சுதராயர், சதாசிவராயர் காலத்தில் இத்தகைய கொடைகள் உச்சத்தில் இருந்தன. உணவுப் பொருள்களை இத்தனை நுட்பமாகப் பதிந்த இக்கல்வெட்டுகளில் வேர்க்கடலை இல்லை. இருக்கவும் முடியாது. காரத்துக்கு மிளகுதான், மிளகாய் கிடையாது. வேர்க்கடலை, மிளகாய் இரண்டும் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியவை. வேர்க்கடலையின் தாயகம் தென்னமெரிக்கா. ஐரோப்பியக் கப்பல்கள் வழியேதான் அது உலகெங்கும் சென்றது.

பெயர்களும் இதையே சொல்கின்றன. விழுப்புரம், திருவண்ணாமலை, வேலூர்ப் பகுதிகளில் வழங்கும் மல்லாட்டை, மணிலாக்கொட்டை என்பதன் மரூஉ. பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவை அது நினைவூட்டுகிறது. மலையாளத்தின் கப்பலண்டி என்ற சொல்லில் கப்பலே இருக்கிறது. வங்காளத்தில் இதற்குச் சீனாபாதாம் என்று பெயர். வந்த வழியை வைத்துப் பெயரிட்டவை இவை.

மற்றொரு வகைப் பெயர்கள் வளரும் முறையை வைத்து அமைந்தவை. தமிழில் வேர்க்கடலை, தெலுங்கில் வேருசெனக. கடலை, செனக இரண்டுமே முன்பே அறிந்த கொண்டைக்கடலையின் பெயர்கள். அவற்றோடு வேர் என்னும் அடையைச் சேர்த்துப் புதிய பயிருக்கு இரு மொழியினரும் ஒரே அச்சில் பெயர் வார்த்தனர். தமிழின் நிலக்கடலை, கன்னடத்தின் நெலகடலெ ஆகியவற்றின் அமைப்பும் அத்தகையதே. உண்மையில் கடலை வேரில் காய்ப்பதில்லை. பூ தரைக்கு மேலே பூக்கிறது. கருவுற்றபின் அதன் காம்பு நீண்டு மண்ணுக்குள் இறங்கிக் காயாகிறது. உழவர் இதை நன்கறிவர். அக்காம்பைத் தமிழில் விழுது என்றும் தெலுங்கில் ஊட என்றும் அழைக்கின்றனர். இரண்டும் ஆலமரத்தின் விழுதைக் குறிக்கும் சொற்கள். பெயர் பொதுமக்கள் வைத்தது. விழுது என்ற சொல் வயலில் நின்று பார்த்தவர் வைத்தது.

கேழ்வரகின் பெயரும் இதே வகையில் உருவானதுதான். முன்பே அறிந்த வரகோடு, நிறம் எனப் பொருள்படும் கேழ் என்னும் அடை சேர்ந்துள்ளது. கேழ்வரகின் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம். அதுவும் ஒரு காலத்தில் வந்தேறிய பயிர்தான். வேறுபாடு என்னவென்றால், அது பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வந்து வேரூன்றிவிட்டது; கடலை நேற்று வந்தது.

மார்செய் சோப்பும் சித்தூர்த் துவையலும்

வந்த பயிர் உடனே உணவாகிவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டில் தென்னாட்டில் கடலைச் சாகுபடி பெருகியதற்கு முதன்மைக் காரணம் பிரெஞ்சு நாட்டின் மார்செய் நகரம். அங்குள்ள சோப்பு ஆலைகளுக்கு எண்ணெய் வேண்டியிருந்தது. தென் ஆர்க்காட்டில் விளைந்த கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியே கப்பலேறியது. நூற்றாண்டின் இறுதியில் விழுப்புரத்திலிருந்து காட்பாடி, சித்தூர், பாகாலா வழியாகத் தர்மாவரம் வரை மீட்டர் பாதை அமைந்தபோது, கடலை நாட்டின் மையத்தோடு ராயலசீமை இணைந்தது. வானம் பார்த்த செம்மண்ணுக்கு ஏற்ற பயிர், கையில் பணம் தரும் பயிர் என்ற இரு காரணங்களால் கடலை மேட்டு நிலங்களில் ஏறியது.

அந்த ஏற்றம் தடையின்றி நிகழவில்லை. 1890களின் பிற்பகுதியில் நோயாலும் விதை நலிவாலும் சாகுபடி சரிந்தது; வெளிநாட்டு விதைகள் வந்தபின்தான் மீண்டது. பின்னர் அரசு ஆய்வுப் பண்ணைகள் விதைத் தேர்வில் இறங்கின. திண்டிவனத்திலிருந்து 1940இல் வெளிவந்த டி.எம்.வி. 2 என்ற கொத்து ரகம், பல தலைமுறைகளாக ராயலசீமை உழவரின் நம்பிக்கைக்குரிய விதையாக நீடித்தது. 1970களில் காளஹஸ்திப் பகுதியில் கடலையின் காய்களைக் கறுக்கவைத்துச் சிறுக்கச் செய்த ஒரு நோய் தோன்றியது. மண்ணில் வாழும் நூற்புழுவே காரணம் என்று பின்னர் அறியப்பட்டது. பயிர் நோயியல் நூல்களில் அது இன்றும் காளஹஸ்தியின் பெயராலேயே வழங்குகிறது. திருப்பதியில் உள்ள வேளாண் ஆய்வு நிலையம் கடலை ஆய்வுக்கெனப் பெயர்பெற்றதும், காளஹஸ்தி, நாராயணி, தரணி முதலிய ரகங்களை வெளியிட்டதும் இந்தப் பின்னணியில்தான்.

ஏற்றுமதிக்கும் எண்ணெய்க்கும் விளைந்த பொருள், விளைத்தவரின் அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் வந்து சேர்ந்தது. வறுத்த கடலை, காய்ந்த மிளகாய், புளி, பூண்டு, உப்பு சேர்த்து அரைக்கும் பச்சடியும், ராயலசீமையில் ஊரிபிண்டி எனப்படும் துவையலும் சங்கடிக்கும் சத்திக்கும் நிலையான துணையாயின. கேழ்வரகுக் களியில் கொழுப்பு மிகக் குறைவு. கடலையில் பாதிக்கு அருகில் எண்ணெயும் கால்பங்கு புரதமும் உண்டு. நெய்யோ பருப்போ வாங்க இயலாத வீட்டில் அந்தக் குறையை நிரப்பியது கடலைத் துவையல். ஆகவே, இன்று 'தொன்மையானது' எனப் போற்றப்படும் சங்கடி, கடலைப் பச்சடி இணை, பரவலான வழக்காகி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இருக்க இயலாது. அதன் பெருமை அதனால் குறையாது. ஏற்றுமதிச் சந்தைக்கு விளைவித்த உழவர், அதே பயிரைக் கொண்டு தம் பழைய உணவின் குறையைத் தாமே நிரப்பிக்கொண்டனர் என்பது எந்தத் தொன்மைக் கதையைவிடவும் மதிக்கத்தக்க செய்தி.

அதே காலத்தில், கடல் கடந்து

வியப்பு என்னவெனில், மேலைநாட்டிலும் இவ்விரு பாதிகளும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் உருவாயின. கனடாவைச் சேர்ந்த மார்செலஸ் எட்சன் வறுத்த கடலையை அரைத்துப் பசையாக்கும் முறைக்கு 1884இல் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் மருத்துவர் ஜான் ஹார்வி கெல்லாக், இறைச்சி தவிர்க்கும் நோயாளிகளுக்கான உணவாகக் கடலைப் பசையை முன்வைத்து 1895இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1900 வாக்கில் ஜூரிக் நகர மருத்துவர் மாக்சிமிலியன் பிர்ஷர்-பென்னர், ஓட்ஸை 12 மணி நேரம் நீரில் ஊறவைத்து ஆப்பிளும் கொட்டைகளும் சேர்த்து நோயாளிகளுக்கு அளித்தார். பசையில் எண்ணெய் பிரிந்து மேலே நிற்காதபடி செய்யும் வழியை 1920களில் ஜோசப் ரோஸ்ஃபீல்ட் கண்டபின், கடலை வெண்ணெய் கடைப்பொருளாயிற்று.

அங்கே மருத்துவர் எழுதித்தந்த உணவு. இங்கே கூலியாள் கொண்டுசென்ற உணவு. மருத்துவர் பரிந்துரைத்தது உடல்நல நூல்களில் ஏறியது. கூலியாள் உண்டது ஏழ்மையின் அடையாளமாயிற்று.

இந்திய அறிவியலும் இதைக் கவனிக்காமலில்லை. 1950இல் மைசூரில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம், வி. சுப்பிரமணியன் தலைமையில், எண்ணெய் நீக்கிய கடலை மாவு முக்கால் பங்கும் கொண்டைக்கடலை மாவு கால் பங்கும் கொண்ட பல்நோக்கு உணவை உருவாக்கியது. 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் பெருமளவில் மடிந்ததைத் தொடர்ந்து, பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்ஸின் என்னும் நச்சு இருப்பது தெரியவந்தது. அதன்பின் கடலையை உலர்த்திக் காக்கும் முறை உலகளவில் ஆய்வுக்குரியதாயிற்று. மழையில் நனைந்த கடலையை ஒதுக்கிவைக்கும் உழவர் எச்சரிக்கைக்கு அறிவியல் காரணம் அப்போதுதான் கிடைத்தது.

மலைமேல் அரிசி, அடிவாரத்தில் கேழ்வரகு

சத்தியும் அம்பலியும் காலையிலிருந்து விலகியதற்கு மதிப்பும் விலையும் காரணங்கள். முன்னாள் சமைத்த உணவைத் தாழ்ந்ததாகக் கருதும் வைதிக மரபு பழமையானது. பகவத் கீதையும் அதைத் தாமச உணவில் வைக்கிறது. திருமலையில் நாள்தோறும் மண்சட்டியில் தயிர்ச்சோறு படைக்கப்படுகிறது. அது அன்றன்று சமைத்தது. அடிவாரத்தில் நிலை வேறு. ஏழுமலையானின் தங்கை எனக் கருதப்படும் தாதய்யகுண்ட கங்கம்மாவுக்குக் கோடையில் நடக்கும் ஜாத்திரையில் அம்பலி முக்கிய இடம்பெறுகிறது. வெப்பத்தின் தெய்வத்தைத் தணிப்பது புளித்த கூழ். தமிழகத்து மாரியம்மன் கோயில்களில் ஆடி மாதம் கூழ் ஊற்றுவதோடு இதை வைத்துப் பார்த்தால், எல்லையின் இருபுறமும் ஒரே சமய அறிவு செயல்படுவது புலப்படும்.

விலையின் கதை அண்மையானது. 1983இல் என்.டி. ராமராவ் அரசு கிலோ 2 ரூபாய்க்கு அரிசி வழங்கத் தொடங்கியது. பசியைப் போக்கிய பெரும் திட்டம் அது. நெற்சோறு விழா நாள் உணவாக மட்டும் இருந்த வீடுகளில் அது அன்றாட உணவாயிற்று, கேழ்வரகு பின்வாங்கியது. அரிசி உண்பது உயர்வின் அடையாளமாக இருந்த சமூகத்தில், அந்த உயர்வை அரசே வீடுதோறும் கொண்டுசேர்த்தபோது யாரும் மறுக்கவில்லை, மறுத்திருக்கவும் வேண்டியதில்லை. காலையில் சத்தியின் இடத்தை இட்லியும் தோசையும் டிபன் என்ற பெயரில் பிடித்தன. கடலைத் துவையல் மட்டும் கட்சி மாறி அவற்றோடு சேர்ந்துகொண்டது.

2023 மார்ச்சில் ஆந்திர அரசு, அரசுப் பள்ளிகளில் வாரம் மூன்று நாள் கேழ்வரகுக் கஞ்சியாகிய ராகி ஜாவாவையும் மற்ற மூன்று நாள் கடலை மிட்டாயையும் வழங்கத் தொடங்கியது. பாட்டன்மார் வயலுக்குக் கொண்டுசென்ற கேழ்வரகும் கடலையும் பேரர்க்கு வகுப்பறையில் சத்துணவாகத் திரும்பின. ஜாவாவில் வெல்லம் உண்டு; இரவின் புளிப்பு இல்லை.

எனவே, ஊறவைத்த ஓட்ஸும் கடலை வெண்ணெயும் நமக்கு அயல், பழையதும் துவையலும் நமக்கு உரியது என்று கோடு கிழிப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. கேழ்வரகு ஆப்பிரிக்காவிலிருந்தும் கடலையும் மிளகாயும் அமெரிக்காவிலிருந்தும் வந்தவை. தானியத்தை இரவின் பொறுப்பில் விட்டுக் காலையில் திரும்பப் பெறும் அறிவுதான் இந்த மண்ணில் தொடர்ந்து நிலைத்திருந்தது. அந்த அறிவைச் சுமந்தவர் பெரும்பாலும் உழைக்கும் பெண்கள். அவர்கள் பெயர் எந்தக் காப்புரிமையிலும் இல்லை. மேட்டு நிலச் சமையலறைகளில் மாவு கரைக்கும் பதமும் புளிக்கும் நேரமும் அறிந்த மூத்தோர் இன்னும் இருக்கின்றனர். பழைய உணவைப் பெருமை பேசுவதைவிட, அவர்களது சொற்களையும் செய்முறையையும் இரு மொழியிலும் பதிந்துவைப்பதே இன்று ஆய்வாளர் செய்யத்தக்க பணி.